சகலை நாட்டின் தலா வருமானம்

என் மனைவிக்கு ஒரே ஒரு அக்கா. அவளைக் கொழும்பில் கொடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய் மூன்று தலைமுறையாக அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். தங்கையை எனக்குக் கொடுத்தார்கள். நான் திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் கீலும் தாழ்ப்பாளும் ஆணியும் விற்கிறவன். மூத்தவள் கடல் தாண்டிப் போனாள், இளையவள் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டிப் போனாள் என்று மாமனார் வீட்டில் சொல்வார்கள். இதில் எது உசத்தி என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடல் என்னும்போது குரல் கொஞ்சம் ஏறும், ஆரல்வாய்மொழி என்னும்போது இறங்கும். முப்பது வருஷச் சண்டைக்கு அது போதாதா?

சண்டை என்றால் அடிதடி ஒன்றும் கிடையாது. என் சகலையும் நானும் மோதிக்கொண்டது தலா வருமானத்தில்.

அவர் என்னைவிட எட்டு வயது பெரியவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் தம்பி என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, தவறினால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வருவார்கள். கொழும்பிலிருந்து இங்கே பறக்க ஒரு மணி நேரம் ஆனால் அதிகம். கிழக்கேகோட்டையில் நான் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் மனிதர் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது தேயிலைப் பொட்டலமும் டின் பிஸ்கட்டும் வரும். போகும்போது கோயில் பிரசாதமும் நேந்திரங்காய் வறுவலும் போகும். நடுவில் உள்ள பத்து நாளும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாடுகள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்.

ஆரம்பித்தது நான்தான். கல்யாணமான புதிதில் அவர் முதல் தடவை வந்திருந்தார். பேப்பரில் பாதி படித்து பாதி விட்ட ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எங்க நாட்டு மொத்த உற்பத்திக்கு முன்னால உங்க நாடு ஒரு ஜில்லாவுக்குத்தான் காணும்" என்றேன்.

அவர் ஆப்பத்தைக் கிழித்தார், குழம்பில் தோய்த்தார், நிதானமாக மென்றார். நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டிப் பழகியவருக்கு அவசரம் என்பதே தெரியாது.

"ஓம் தம்பி. அதைத் தின்ன எத்தனை வாய்?"

நான் இன்னொரு ஆப்பம் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மொத்தத்த வச்சுக் கதைக்கப்படாது. ஆள் எண்ணிக்கையால வகுங்க. வகுத்திட்டு வாங்க, கதைப்பம்."

மறுநாள் கடையில் ஆணிப் பொட்டலம் கட்டுகிற தாளில் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இலங்கை மேலே இருந்தது. திரும்ப வகுத்தேன். எங்கள் கடைத்தெருவில் கூட்டல் நமக்கு எதிராக வந்தால் இன்னொரு தடவை கூட்டுவது வழக்கம். இலங்கை மறுபடியும் மேலேயே இருந்தது. அந்தத் தாளில் அரைக்கிலோ ஆணியைக் கட்டி வந்தவரிடம் கொடுத்து அனுப்பினேன். சாட்சியம் ஊரை விட்டே போனது.

அதற்குப் பிறகு நான் செய்யாத தில்லுமுல்லு இல்லை. அடுத்த தடவை வந்தபோது, "இந்தியா பெரிய நாடு, அதை விடுங்க. கேரளத்த மட்டும் எடுத்துக்கிடுவோம். நான் இங்கதானே இருக்கேன்" என்றேன். கேரளத்தின் பிரதிசீர்ஷ வருமானம், அதாவது இங்குள்ள பத்திரிகைகள் தலா வருமானத்துக்குச் சொல்லும் பெயர், இந்தியச் சராசரியைவிட மேலே என்று படித்து வைத்திருந்தேன்.

"நல்லது" என்றார் அவர். "அப்ப நானும் கொழும்ப மட்டும் எடுக்கிறன். நானும் அங்கதானே இருக்கிறன்."

என் மனைவி மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அப்படியே சுருக்கிட்டு வாங்க. கடைசியில உங்க கடை, அத்தான் கடைன்னு வந்து நிக்கும். பின்னே யாரு மேலன்னு எனக்கே தெரியும்."

அது உண்மை. என் கடையின் உற்பத்தியைக் கணக்கில் எடுத்தால், நாட்டின் சராசரியைக் காலைப் பிடித்துக் கீழே இழுக்கிறவர்களில் நானும் ஒருவன். மத்தியானம் மூன்று மணிக்கு வெறும் கல்லாவின் முன்னால் கொட்டாவி விடும்போதெல்லாம், நான் பேசாமல் இலங்கைக்குக் குடிபோய்விட்டால் இந்தியாவின் சராசரி ஏறி, அவர்கள் சராசரி இறங்கி, சண்டையை ஒரே கல்லில் முடித்துவிடலாமே என்று தோன்றும்.

என் பெரிய வேலை வரைபடம். அதற்கு எனக்கு ஒரு ஆள் துணை கிடைத்தது. ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு டீச்சர் கடைக்கு வருவார். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவர். பழைய அக்ரகாரத்து வீடு. மாதம் ஒரு கதவு மக்கர் செய்யும், மாதம் ஒரு கீல் வாங்குவார். தலா வருமானம் பற்றிக் கேட்கிற முதல் தாழ்ப்பாள் வியாபாரி நான்தான் என்பதால் அவருக்கு என்மேல் ஒரு கரிசனம்.

"ரெண்டு நாட்டையும் ஒரே வருஷத்துல நூறுன்னு வெச்சுக்கோங்கோ. அங்கேர்ந்து யார் எத்தனை வளர்ந்தான்னு கோடு போடுங்கோ. வேகம் தெரியும்" என்று சொல்லிக்கொடுத்தார். எந்த வருஷத்தில் நூறு வைப்பது என்பதை மட்டும் என் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார். அது அவர் செய்த தவறு. இந்தியாவின் கோடு சரசரவென்று ஏறி இலங்கையின் கோடு படுத்துக் கிடக்கும்படி ஒரு வருஷத்தைத் தேடிப் பிடித்தேன். தேடுவதற்கு நான்கு நாள் ஆனது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக வரைந்து, சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன்.

அண்ணாச்சி வந்தார், பார்த்தார், இட்லியைப் பாதியில் வைத்தார். இரண்டு நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. என் வாழ்க்கையின் பொன்னான இரண்டு நாட்கள். மூன்றாம் நாள் மனைவியின் அக்கா, அதுவரை இந்த விஷயத்தில் வாயே திறக்காதவள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தாள்.

"எங்க பெரியவன் போன வருஷம் ஒரு இஞ்சு வளந்தான். உங்க சின்னவன் நாலு இஞ்சு வளந்தான். அதுக்காக உங்க சின்னவன் எங்க பெரியவன விட நெட்டையா?"

அண்ணாச்சி அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. எங்கள் கோடு ஏறியது, அவர்கள் கோடும் ஏறியது, இடைவெளி சில வருஷம் குறைந்தது, சில வருஷம் கூடியது. நான் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

பிறகு அந்த நாட்டில் எல்லாம் கவிழ்ந்த வருஷம் வந்தது. பெட்ரோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மின்சாரம் வருவதைவிடப் போவது அதிகம். டிவியில் பார்த்தோம். என் மனைவி அக்காவோடு தினமும் போனில் பேசினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்றைக்கும் எழுதக் கூசுகிறது. எங்கள் அடுக்களையில் புதிதாக வந்து இறங்கிய சிலிண்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கழுத்தில் ஒரு முழம் பூச்சுற்றி, படம் பிடித்து அண்ணாச்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கீழே, "தலைக்கு ஒன்று" என்று எழுதினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அன்றைக்கு அவர் சிலிண்டருக்காக இரண்டாவது நாளாக வரிசையில் நின்றிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தும் சாமானும் இல்லாமல் தள்ளி வைத்துவிட்டார்கள். எப்போது என்று தெரியாது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. சேலை நிறம் தெரியாமல் கடையில் பச்சை கேட்டவளுக்கு நீலத்தை விரிக்கிறார். போன வாரம் படியில் விழுந்தார். இங்கே வந்து ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றால் வர மாட்டேன் என்கிறார்.

"ஏனாம்?" என்று கேட்டாள் என் மனைவி. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அந்த மனுசன் முன்னால போய் நிக்க மாட்டேங்கிறார். கண்ணு போனாலும் போகுது, அவர் வாயில விழ மாட்டேங்கிறார்."

போனை வைத்த பிறகு என் மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்க வாயால வந்த வினை இது. உங்க வாயாலயே சரி பண்ணுங்க. அத்தானுக்குக் கண்ணு போச்சுன்னா அக்கா மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். உங்க மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்."

மன்னிப்புக் கேட்டு இரண்டு தடவை போன் செய்தேன். "பரவாயில்ல தம்பி, விளையாட்டுத்தானே" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். மரியாதை கூடினால் கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். கதவைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அந்த வாரம் டீச்சர் கீல் வாங்க வந்தார். மனசு கேட்காமல் நடந்ததைச் சொன்னேன். "இப்பவாவது நாங்க மேல வந்திருப்போம், இல்லியா டீச்சர்? அதான் அவருக்கு அவமானமா இருக்கு."

டீச்சர் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யார் சொன்னா? தலைக்கு இத்தனைன்னு பார்த்தா இப்பவும் அவாதான் மேலே."

"இப்பவுமா? கேஸ் இல்ல, பெட்ரோல் இல்ல."

"டாலர்ல பார்த்தாலும் அவாதான். அந்தந்த ஊர் விலைவாசிக்குத் தக்கபடி எத்தனை வாங்கலாம்னு பார்த்தாலும் அவாதான். விழுந்திருக்கா, நிஜம். ஆனா உசரத்துலேர்ந்து விழுந்தா. அதுவும் இது வருஷம் பூராவும் நாட்டுல உண்டானதைத் தலைக்கு வகுக்கிற கணக்காக்கும். இன்னிக்கு கப்பல்ல கேஸ் வந்துதா வரலையான்னு இதுல தெரியாது."

அரைமணி நேரம் நான் யாருக்கும் ஆணி நிறுக்கவில்லை. ஒரு நாடே குப்புற விழுந்தும் என்னால் அதை முந்த முடியவில்லை. முதலில் அழுகை வந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. இந்த உண்மையை அவரிடம் சொன்னால் போதுமே, மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து இறங்குவாரே.

அன்று சாயங்காலமே போன் போட்டேன். "அண்ணாச்சி, கணக்குப் பாத்தாச்சு. இப்பவும் தலைக்கு உங்க நாடுதான் மேல. நாங்கதான் கீழ."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"தம்பி" என்றார். "ரெண்டு நாளா லைன்ல நிண்டு, மயங்கி விழுந்து, ஒரு சிலிண்டர் கிடைக்காம வந்தவன் நான். என்னப் பாத்து நீங்கதான் பணக்காரன்னு சொல்லுறீங்க. சிலிண்டருக்குப் பூ வச்சதை விட இது பெரிய கேலி. இனி எனக்குப் போன் எடுக்க வேணாம்."

வைத்துவிட்டார். பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் நான் அவரிடம் கலப்படமில்லாமல் பேசிய முதல் உண்மை அது. அதற்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போது எனக்கு உறைத்தது. அந்த மனிதருக்கு என் நல்ல குணம் பழக்கமில்லை. பழக்கமில்லாத சாமானை யார் வாங்குவார்கள்? என்னிடம் வழக்கமாக என்ன கிடைக்குமோ அதைத்தான் கொடுக்க வேண்டும்.

மனைவியின் போனிலிருந்து அடித்தேன். இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சொன்னது தப்பு. உங்க மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன். உண்மைக் கணக்கு வந்தாச்சு. நாங்க மேல, நீங்க கீழ. கடைசியில முந்திட்டோம். டீச்சர் கையால எழுதி வாங்கி வச்சிருக்கேன்."

"பொய்" என்றார் உடனே. குரலில் உயிர் வந்திருந்தது. "எங்க, அனுப்புங்க பாப்பம்."

"அனுப்பினா உங்களால படிக்க முடியுமா? அக்காவ விட்டுப் படிக்கச் சொல்லுவிய. அக்கா உங்களுக்காக மாத்திப் படிப்பா. இது நாட்டு மானம். வந்து உங்க கண்ணால படிங்க. படிச்சிட்டுத் தோத்தேன்னு சொல்லுங்க."

"உங்கட மூஞ்சியப் பாத்தாலே காணும், பொய் தெரிஞ்சிரும்."

"மூஞ்சி தெரியுமா அண்ணாச்சி?"

போனை வைத்துவிட்டார். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரம்பு தாண்டிவிட்டேன் என்று எனக்கும் தெரிந்தது. அன்றும் மறுநாளும் கடையில் யார் என்ன கேட்டாலும் நான் வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் அக்கா பேசினாள். "என்ன சொன்னாரு உன் வீட்டுக்காரர்? விடிஞ்சதுலேந்து டிக்கெட் டிக்கெட்ன்னு குதிக்கிறார். அந்தாளு கொட்டத்த அடக்கிட்டுத்தான் மறுவேலைன்றார்."

செலவை எப்படிப் பங்கிடுவது என்று சகோதரிகள் இருவரும் அவர்களுக்குள் பேசி முடித்தார்கள். நாடு இரண்டும் அதில் தலையிடவில்லை.

விமான நிலையத்துக்கு நான் போயிருந்தேன். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இளைத்திருந்தார். அந்த நிலைமையிலும் கையில் தேயிலைப் பொட்டலம் இருந்தது. அதை எனக்குப் பக்கத்தில் நின்ற டாக்சிக்காரரிடம் நீட்டி, "பிடிங்க தம்பி. எங்க அந்தக் கடிதாசி?" என்றார். டாக்சிக்காரர் என்னைப் பார்த்தார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "வீட்டுல இருக்கு அண்ணாச்சி" என்றேன். வழிநெடுக எனக்கு ஒரு கேலியும் வாயில் வரவில்லை. அவர்தான் கேட்டார், "என்ன தம்பி, தொண்டை கட்டிப் போச்சா?"

மூன்றாம் நாள் மோசமாக இருந்த வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது; இடது கண்ணுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நல்லபடி முடிந்தது, இனி சொட்டுமருந்துதான் முக்கியம், தினம் நான்கு வேளை, ஒரு மாதம் விடாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் சீழ் பிடித்து வேலை கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மனிதருக்குக் கண்ணில் மருந்து என்றால் குழந்தைகளைவிடப் பயம். அக்கா போட்டால் இறுக்கி மூடிக்கொள்வார். என் மனைவி போட்டால் தலையைத் திருப்புவார். மருந்து காதுவரைக்கும் ஓடும். கண்ணுக்குள் மட்டும் போகாது. முதல் நாலு நாளில் பாதிப் புட்டி அவர் சட்டைக் காலரில் தீர்ந்தது. கண் சிவந்தது. டாக்டர் முகம் சுளித்தார். அக்கா பூஜை அறையில் போய் உட்கார்ந்து அழுதாள்.

ஐந்தாம் நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார். "கடிதாசியக் கொண்டு வாங்க."

டீச்சர் எழுதிக் கொடுத்த தாள் நிஜமாகவே என்னிடம் இருந்தது. அதில் இருந்தது நிஜக் கணக்கு. அதைத் திருத்தி எழுதலாமா என்று முந்தின நாள் யோசித்தேன். ஏழும் ஒன்றும் ஒரு கோட்டில் மாறக்கூடிய எண்கள். கை வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி, புதுக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"தம்பி, இதுல எங்கட நாடெல்லோ மேல இருக்கு."

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப நீங்க ரெண்டாந்தரம் போன்ல சொன்னது?"

"பொய்."

"முதல்ல சொன்னது?"

"உண்மை. அதுக்குத்தானே போன வச்சிய."

அவர் தாளை மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அந்த லைன்ல நிக்கக்குள்ள இது தெரியல தம்பி" என்றார் மெதுவாக. அதற்குப் பதில் டீச்சரிடம்கூட இருந்திருக்காது.

பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்துப் பதறி, அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசமா ஒருதரம் வெல்லேலாம, கடைசியில பொய்யாத்தான் வெண்டிருக்கிறீங்க. அதுவும் என்ட கண்ணுக்காக."

பதினொரு மணிக்கு மருந்து வேளை வந்தது. அக்கா புட்டியை எடுத்தாள். "நீ இரு. தம்பி போடட்டும்" என்று சொல்லிவிட்டு, தலையணையில் தலையைச் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"திறங்க அண்ணாச்சி."

"முதல்ல சொல்லுங்க. தலைக்கு எந்த நாடு மேல?"

வாசலில் என் மனைவியும் அவள் அக்காவும் நின்றார்கள். "இலங்கை" என்றேன்.

கண் அகலத் திறந்தது. இமைக்கவே இல்லை. சொட்டு நடுவில் விழுந்தது.

தினம் நான்கு வேளை, மீதி இருபத்தாறு நாளும், ஒரு வேளை விடாமல் நானே போட்டேன். கண் நன்றாகத் தெளிந்துவிட்டது.